சௌராஷ்டிர மொழி: வரலாறும் இயல்பும்

சீத்தா கேம்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நம் காதில் விழுந்த சிறு உரையாடல் ஒன்றிலிருந்து இப்பேச்சைத் தொடங்குகிறோம். காய்கறி வண்டியின் அருகில் மூதாட்டி ஒருவர் நின்றிருந்தார். கூடவே பத்து வயதுப் பேத்தி. மூதாட்டி தம் பேத்தியிடம் ஏதோ கூற, அதில் ‘தீன்’, ‘சார்’, ‘பாஞ்ச்’ என்ற எண்ணுப் பெயர்களும், ‘பாணி’ என்ற சொல்லும், ‘கேர்’ என்ற சொல்லும் வந்தன. வண்டிக்காரர் மராட்டியர். தம் மொழி போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறதே என்ற திகைப்புடன் அவர், “எந்த ஊர் மராட்டி இது?” என்று வினவினார். மூதாட்டி சிரித்துக்கொண்டே, “மதுரை” என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, நல்ல மதுரைத் தமிழில், “நாங்களும் தமிழ்நாடுதான் தம்பி, பட்டுநூல்காரங்க” என்றார்.

சீத்தா கேம்பின் கதை அங்குள்ளோர் யாவரும் அறிந்ததே. டிராம்பேயில் அணுசக்தி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் அகற்றப்பட்டபோது, அங்கு வாழ்ந்த குடும்பங்கள் கொண்டுவந்து இருத்தப்பட்ட இடம் அது. அவர்களுள் தமிழர் மிகப் பலர். ஆகவே அங்கே தமிழ் கேட்பது வியப்பன்று. ஆனால் தமிழர் நடுவிலே தமிழல்லாத ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, அதனை மதுரையிலிருந்து மும்பைக்குச் சுமந்து வந்திருக்கும் தமிழ்நாட்டவரைக் காண்பது நமக்குப் புதுமையாக இருந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு பல ஆண்டுகள் மைய அரசுப் பணியில் கழித்த நாம், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளின் பெயர்களை நாள்தோறும் எழுதுகிறோம். அந்த அட்டவணையில் சௌராஷ்டிர மொழி இல்லை. அதனால்தானோ என்னவோ, அதனை அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் நமக்கு அதுவரை தோன்றவில்லை.

தாராவியில் வாழும் அன்பர்கள் கும்பார்வாடாவை அறிவார்கள். அங்கே சூளை வைத்துப் பானை வனையும் குயவர்கள் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களுக்கு அண்டை வீட்டாராக நெல்லைச் சீமையிலிருந்து வந்த தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். ஆக, சௌராஷ்டிரத்துக் குயவர் தமிழரோடு தாராவியில் வாழ்கிறார். சௌராஷ்டிரப் பெயர் தாங்கிய நெசவாளர் தமிழரோடு மதுரையில் வாழ்கிறார். இருவரும் சந்தித்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எளிதில் விளங்காது. பிரிந்த காலம் அவ்வளவு நெடியது.

எவ்வளவு நெடியது என்று கேட்டால், கல்வெட்டு ஒன்று ஒரு முனையில் விளக்குப் போல் நிற்கிறது. மாளவத்தில் பழங்காலத்துத் தசபுரம் என்னும் ஊர் இன்று மந்தசோர் என வழங்குகிறது. அங்கே பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று கதிரவனுக்குக் கோயில் எடுத்த செய்தியை வத்ஸபட்டி என்னும் புலவர் சமஸ்கிருதச் செய்யுளில் பாடியிருக்கிறார். அவ்வாறு கோயில் எழுந்தது மாளவ ஆண்டு 493, அதாவது கி.பி. 437-ஐ ஒட்டிய காலம். பழுதுபட்ட கோயிலை அதே சங்கத்தார் 473-ஐ ஒட்டிப் புதுப்பித்தார்கள். இந்நெசவாளர் தென் குஜராத்தைச் சார்ந்த லாட நாட்டிலிருந்து தசபுரத்திற்குக் குடிபெயர்ந்தவர்கள் என்று அக்கல்வெட்டே கூறுகிறது. அவர்களுள் சிலர் தறியை விட்டு வில் வித்தைக்கும் சோதிடத்திற்கும் சென்றார்களாம். குடிபெயர்ந்த இடத்தில் தொழில் மாறுவது இன்றைக்கு நேற்றைக்கு ஏற்பட்டதன்று!

தமிழ்நாட்டுச் சௌராஷ்டிரர் பலர் இத்தசபுர நெசவாளரைத் தம் முன்னோராகக் கருதுகின்றனர். அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி இன்னொன்றும் உண்டு. கஜினி முகமது 1026-இல் சோமநாதபுரத்தைத் தாக்கியபின் தங்கள் முன்னோர் தெற்கே புறப்பட்டுத் தேவகிரியில் யாதவ மன்னர் ஆதரவில் தங்கினர் என்றும், அவ்வரசு வீழ்ந்தபின் விசயநகரம் சேர்ந்தனர் என்றும், இறுதியில் நாயக்க மன்னர்கள் காலத்தில் மதுரைக்கு வந்தனர் என்றும் அச்செய்தி கூறும். இவ்வழி முழுவதையும் ஓலையோ செப்பேடோ காட்டி நிறுவ இயலாது. கி.பி. 473-க்கும் மதுரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மௌனம் இருக்கிறது. ஆயினும் வந்த வழி பொய்யன்று என்று நாம் எண்ணுவதற்குக் காரணம், அம்மொழியே. குஜராத்திச் சாயலும், மராட்டிச் சாயலும், அதன்மேல் தெலுங்கு கன்னடச் சொற்களும், எல்லாவற்றின் மேலும் தமிழும் என்று, ஆற்றங்கரையில் வண்டல் படிந்தாற்போல் அடுக்கடுக்காக அதில் படிந்திருக்கின்றன. பயணம் செய்தவர் மறந்த ஊர்களையும் அவர் நாக்கு மறக்கவில்லை.

மதுரையில் அவர்களுடைய இருப்பிடம் திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றிய தெருக்கள். அரண்மனைக்குப் பட்டு வேண்டும். பட்டு நெய்வோர் அரண்மனைக்கு அருகில் இருத்தல் வேண்டும் என்பது வெளிப்படை. பட்டுநூல்காரர் என்னும் பெயர் தமிழர் இட்டது. பின்னர் ராணி மங்கம்மாள் ஆட்சியில், இவர்கள் ஆவணி அவிட்டம் செய்யலாகாது என்று தடுக்கப்பட்டு வழக்கு மூண்டதும், ராணி அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்து இவர்களுக்குச் சாதகமாக ஓலைச் சாசனம் அளித்ததும், 1909-இல் வெளியான தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் தொகுதியில் காணப்படுகின்றன. மதுரையிலிருந்து பரமக்குடி, எமனேசுவரம், திண்டுக்கல், சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை, வாலாஜாபேட்டை, நெல்லையை அடுத்த வீரவநல்லூர் என்று தறி சென்ற இடமெல்லாம் மொழியும் சென்றது. சுங்குடிச் சேலை இவர்கள் கைவண்ணமே. அச்சேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இனி மொழியின் இயல்பைப் பார்ப்போம். ‘நான்’ என்பதற்கு ‘மீ’, மராட்டியிலும் ‘மீ’தான். வீடு ‘கேர்’, மராட்டியில் ‘கர்’. நீர் ‘பாணி’. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்னும் எண்களை எழுதிக்காட்டினால் மும்பையில் வாழும் எவரும் அறிந்துகொள்வர். வேர்ச்சொற்கள் இவ்வாறு வடக்கே நிற்க, வாக்கியத்தின் நடையோ தெற்கத்தியது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை பெரும்பாலான இந்திய மொழிகளுக்குப் பொதுவாகையால் அதைப் பெரிதாகக் கூறவேண்டுவதில்லை. ஆனால் ‘நேற்று வந்த பையன்’ என்று தமிழில் பெயரெச்சத்தால் சொல்லுவதை, இந்தியில் ‘எவன் நேற்று வந்தானோ அந்தப் பையன்’ என்பதுபோல் இரண்டாக உடைத்துச் சொல்லுவது வழக்கம். சௌராஷ்டிரமோ தமிழைப் போல எச்சத்தாலேயே சொல்லி முடிக்க விரும்புகிறது. ‘என்று’ என நாம் ஒருவர் கூற்றை முடிப்பதுபோல் அவர்கள் ‘மெனி’ என்று முடிப்பார்கள். சொல்லுதல் என்னும் பொருளுடைய மராட்டி வினையோடு உறவுடைய சொல் அது. உடம்பு வடநாட்டது, உட்காரும் முறை தென்னாட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஒலியில் ஒரு நுட்பம் உண்டு; அதுவே எழுத்துச் சண்டைக்கும் காரணமாயிற்று. வட மொழிகளிலுள்ள க, ச, ட, த, ப வருக்கத்தின் நான்கு வகை ஒலிகளும் இதில் உண்டு. அவற்றோடு ம, ன, ர, ல முதலியவையும் மூச்சு கலந்து ஒலிக்கும். மராட்டியில் ‘சிறிய’ என்ற பொருளில் ‘ல்ஹான்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள் அல்லவா? அதைப் போன்ற ஒலி. தமிழ் எழுத்தில் இதனை எவ்வாறு எழுதுவது? கீர்த்தனை நூல்களிலும் சுலோகப் புத்தகங்களிலும் க-வின் தலைமேல் 2, 3, 4 என்று சிறு எண்களை ஏற்றி அச்சிடுவதைப் பார்த்திருக்கிறோம். அம்முறையில் சௌராஷ்டிரமும் எழுதப்படுகிறது. மூச்சு கலந்த மெல்லினத்திற்கும் இடையினத்திற்கும் புள்ளிக் குறியீடு சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் தமக்கென ஓர் எழுத்தும் இவர்களுக்கு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை தி. மு. ராமராய் அதனைத் திருத்தி அமைத்து, அச்சு வார்ப்பித்து, பாட நூல்கள் வெளியிட்டார். அவ்வெழுத்தில் ‘ஹாரு’ என்றொரு தனிக்குறி உண்டு. மேற்கூறிய மூச்சொலியைக் குறிப்பதற்கென்றே அமைந்தது அது. தம் மொழியின் ஒலியை நன்கு கேட்ட காது ஒன்று இல்லாமல் அத்தகைய குறி பிறக்காது.

அச்சு பிறந்தபின் அனைவரும் அதனை ஏற்றார்களா என்றால், இல்லை. தெலுங்கு எழுத்தில் பழகியோர் இருந்தனர். தமிழ் எழுத்தே போதும் என்போர் இருந்தனர். பள்ளிகளில் இம்மொழியைக் கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, 1920-இல் மதுரையில் கூடிய சௌராஷ்டிர இலக்கிய மாநாடு தேவநாகரியைப் பயன்படுத்தத் தீர்மானித்தது. ராமராயின் எழுத்தை விரும்புவோர் அத்தீர்மானத்தை மனமார ஏற்றுக்கொண்டாரில்லை. இரண்டரை லட்சம் பேர் பேசும் ஒரு மொழிக்கு நான்கு எழுத்துகள்! நான்கு வாயில் உள்ள வீட்டில் விருந்தினர் எதன் வழியே நுழைவது? பாட நூல் ஒரு எழுத்தில், பக்திப் பாடல் மற்றோர் எழுத்தில், மணப்பத்திரிகை தமிழில் என்று பிரிந்துபோனால், வாசகர் கூட்டம் ஒன்று உருவாவது அரிது. நம் கருத்தில் இம்மொழிக்கு நேர்ந்த பெரும் இழப்பு இதுவே. ராமராயின் எழுத்து 2008-இல் யூனிகோடு அட்டவணையில் இடம்பெற்றது. கணிப்பொறி அதனை அறிந்துகொண்டது. அதற்குள் அதனைப் படிக்க அறிந்தோர் சிலராகிவிட்டனர்.

அறிஞர்கள் இம்மொழியைப் பற்றி ஒரே கருத்துடையவர் அல்லர். கிரியர்சன் தம் இந்திய மொழி அளவைத் தொகுதிகளில், 1908-இல் வெளியானதொரு பகுதியில், இதனைப் ‘பட்டுநூலி’ என்ற பெயரால் குஜராத்தியோடு சேர்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகத்தைச் சார்ந்த ரேண்டில் இதனைத் தனித்து ஆராய்ந்து எழுதினார். ஜப்பானியராகிய நொரிஹிகோ உச்சிதா இம்மொழிக்கு ஆங்கில விளக்கத்துடன் அகராதி ஒன்று தொகுத்தார். அது 1990-இல் ஜெர்மனியில் அச்சாயிற்று. மதுரைக் கீழவாசலில் பிறந்த சொல் ஜெர்மனியில் அச்சேறுவதற்கு ஜப்பானியர் ஒருவர் உழைக்க வேண்டியிருந்தது!

இம்மொழியினரால் தமிழும் இசையும் பெற்றவை சிறியன அல்ல. தியாகராச சுவாமிகளின் சீடராகிய வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராஷ்டிரர். தம் ஆசானின் கீர்த்தனைகளை அவர் எழுதிக் காத்திராவிடில் அவற்றுள் பல நமக்குக் கிடைத்திரா. அச்சுவடிகள் மதுரைச் சௌராஷ்டிர சபையின் பாதுகாப்பில் இருந்துவருகின்றன. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) தம்மைத் தலைவியாகவும் திருமாலைத் தலைவனாகவும் வரித்துச் சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடினார். ‘காதுகள்’ என்னும் புதினத்திற்காக 1993-இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்ற கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் இச்சமூகத்தவர், பட்டுச் சரிகை வணிகம் அவர் குடும்பத் தொழில். இவற்றையெல்லாம் அறியாதவரும் டி. எம். சௌந்தரராஜனின் (1922–2013) குரலை அறியாமல் இருக்கமுடியாது. தமிழ் உச்சரிப்புக்கு எடுத்துக்காட்டாக நாம் கூறும் அக்குரலுக்கு உரியவர் மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளைக்கு வீட்டு மொழியைக் கொடுத்தால் நாட்டு மொழி கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

உலகில் வேறு சிறு மொழிகள் எவ்வாறு வாழ்ந்தன என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. பால்டிக் கடற்கரையில் எஸ்தோனியா என்று ஒரு நாடு. எஸ்தோனிய மொழியைப் பேசுவோர் சுமார் 11 லட்சம். மும்பையின் ஒரு பகுதிக்குக்கூடக் காணாது. அம்மொழியில் இலக்கண பால் வேறுபாடு இல்லை. ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ஒரே சொல். வேற்றுமைகள் பதினான்கு. ‘மயா’ என்றால் வீடு, ‘மயாஸ்’ வீட்டில், ‘மயாஸ்ட்’ வீட்டிலிருந்து. நம் உருபுகள் போலவே சொல்லின் வாலில் ஒட்டுகின்றன. நம்மிடம் குறில், நெடில், அளபெடை என்று இருப்பதுபோல் அங்கும் மூன்று அளவு உண்டு. ‘ஸடா’ என்று குறுக்கினால் நூறு. ‘ஸாடா’ என்று நீட்டினால் அனுப்பு. இன்னும் நீட்டினால் பெறுதல். இத்தகைய ஒப்புமைகளைக் கண்ட கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்கும் பின்னிய மொழி முதலியவற்றுக்கும் உறவு உண்டென்று எண்ணினார். எஸ்தோனியம் பின்னிய மொழிக்கு நெருங்கிய உறவு. கால்டுவெல்லின் அவ்வெண்ணத்தைப் பிற்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை.

நூற்றாண்டுக் கணக்கில் ஜெர்மானிய நிலக்கிழார்க்கும், சுவீடனுக்கும், ரஷியாவுக்கும் அடங்கியிருந்த குடியானவர் மொழி அது. 1535-இல் அச்சான சமய நூலொன்றின் சிதைந்த ஏடுகளே இன்று எஞ்சியுள்ள பழைய அச்சு. முழு விவிலியம் 1739-இல் வந்தது. 1869-இல் தார்த்து நகரில் பாடல் விழா கூட்டினார்கள். 1632-இல் தோன்றிய தார்த்துப் பல்கலைக்கழகத்தில் அந்நாட்டு மொழியே பயிற்சி மொழியானது 1919-இல். அதாவது 1918-இல் விடுதலை அறிவித்தபின்னர். யோஹன்னஸ் ஆவிக் என்பவர், சொல் போதவில்லை என்று கண்டபோது புதிய சொற்களைத் தாமே படைத்து வழக்கில் விட்டார். அவற்றுள் பல இன்றும் வழங்குகின்றன. அவர்களுக்கு ஓர் எழுத்து, ஒரு விவிலியம், ஒரு பல்கலைக்கழகம், பின்னர் ஓர் அரசு வாய்த்தன. மதுரைச் சௌராஷ்டிரருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. தறி ஒன்றே வாய்த்தது. தறி வீட்டுக்குள் இருந்தது. தந்தை நெய்ய, தாய் நூல் இழைக்க, பிள்ளை தார் சுற்ற, பகல் முழுவதும் வீட்டுமொழியே தொழில்மொழியாக இருந்தது. கடையிலும் அப்படியே. பத்துத்தூண் பக்கம் சேலை வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், நாம் விலை கேட்டதும் கடைக்காரர் இருவர் தமக்குள் ஏதோ பேசிக்கொள்வார்கள். அது என்னவென்று அறியாமலே நாம் பணத்தைக் கொடுத்து வருவோம்!

பிரபோத பண்டித் என்னும் குஜராத்தி மொழியியல் அறிஞர் (1923–1975) இதனை ஊன்றி நோக்கினார். புனே பல்கலைக்கழகம் 1972-இல் வெளியிட்ட அவருடைய சொற்பொழிவு நூலில் தமிழகச் சௌராஷ்டிரர் இடம்பெறுகின்றனர். அமெரிக்காவிற்குக் குடிபெயரும் ஐரோப்பியர் சில தலைமுறைகளுக்குள் தம் மொழியை இழப்பது இயல்பென்று கருதப்பட, இந்தியாவில் மொழியை இழக்காதிருப்பதே இயல்பு என்று அவர் கூறினார். மும்பையில் குடியேறிய குஜராத்தி மளிகை வணிகர் ஒருவரை அவர் எடுத்துக்காட்டாகக் காட்டியதும் புகழ்பெற்றது. வீட்டில் ஒரு மொழி, காய்கறிச் சந்தையில் மராட்டி, பால்காரரிடம் இந்தி, வணிகக் கூட்டாளிகளிடம் கச்சியும் கொங்கணியும் என்று, எந்த மொழியையும் பள்ளியில் கற்காமலே அவர் வாழ்ந்துவிடுகிறார்.

அவ்வறிஞரின் கூற்றில் உண்மை உண்டு. எனினும் அவர் கண்ட வீட்டில் தறி இருந்தது என்பதை நாம் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம். தறி போய்ப் பிள்ளைகள் அலுவலகத்திற்கும் வேற்று மாநிலத்திற்கும் செல்லும்போது, மொழிக்கு எஞ்சுவது அடுக்களையும் தொலைபேசியும்தான். 2011 மக்கள் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகக் கூறியவர் 2,47,702 பேர், 2001-இல் 1,85,420. எண் ஏறியிருக்கிறது. ஆனால் கணக்கெடுப்பவரிடம் தமிழ் என்றே சொல்லிவிடுவோரும், மொழியின் பெயரைச் சொல்லியும் அதனைப் பேசாதோரும் நமக்கு அறிமுகமானவர்களிலேயே உண்டு. சாகித்திய அகாடமி தன் பாஷா சம்மான் விருதினை இம்மொழி அறிஞர்க்கும் அளித்திருக்கிறது. 2023 ஏப்ரலில் சோமநாதத்தில் சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம் நடந்தபோது, மதுரையிலிருந்து தனி ரயிலேறிச் சென்றவர்கள் பல நூற்றாண்டுகளுக்குமுன் தம் முன்னோர் விட்டுவந்ததாகக் கூறும் கடற்கரையைப் பார்த்துத் திரும்பினார்கள்.

மும்பைத் தமிழராகிய நமக்கும் இந்தக் கணக்கு அயலாருடையதன்று. அரசமைப்பில் 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினர் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. இம்மாநகராட்சியும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. பள்ளி இருந்தால் போதுமா என்பதுதான் ஐயம். ஊரிலிருந்து வரும் மணப்பத்திரிகையை நம் வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். நம் மேசையில் அரசாணைகள் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பிழையின்றிப் போய்ச் சேருகின்றன. நம் கூடத்தில் தமிழ் ஒரு தலைமுறையைக் கடக்கத் தடுமாறுகிறது.

அந்த மூதாட்டியிடம், “மும்பையில் இந்தப் பாஷையைப் பேச ஆள் இருக்கிறார்களா?” என்று கேட்டோம். “வீட்டுக்குள்ள நான் ஒருத்திதான் விடாமப் பேசுறேன். மகனுக்குப் புரியும், பதில் தமிழ்ல வரும். இவளுக்கு அதுவும் இந்தியில வரும்” என்றார். பேத்தி அதற்குள் வண்டிக்காரரிடம் மராட்டியில் பேரம் பேசி முடித்திருந்தாள். பாட்டி சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார். சிறுமி பையிலிருந்த கத்திரிக்காயை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஸாத்” என்றாள். அது மராட்டியா, இந்தியா, பாட்டியின் மொழியா என்று நம்மால் பிரித்தறியக் கூடவில்லை.